சம்பந்தி ஏசலும் அணைக்கப்பட்ட மைக்கும்

அனுப்புநர்
மு. தமிழ்மாறன், எம்.ஏ.,
ஆயுள் காப்பீட்டு முகவர்,
கீழத்தெரு, மாங்குடி வடபாதி,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: என் தாயாரை இழிவுபடுத்தும் திருமண வீடியோவை உள்ளூர் கேபிளில் ஒளிபரப்பிய திரு. இராஜாங்கம் மீது நடவடிக்கை கோருதல். வரும் பொங்கலன்று அதன் மறு ஒளிபரப்பைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு,

1. என் தாயார் நீலாம்பாள், வயது 64. என் தந்தை முருகையன் பிறருடைய வயலில் கூலி வேலை செய்து இறந்தவர். அவர் இறந்தபின் 1986-இல் என் தாயார் வீட்டு வேலைக்காகக் குவைத் சென்றார். முதுகலை படித்த நான் வேலையின்றி மனுப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், எங்கள் அடுப்பு அவர் அனுப்பிய டிராப்டில் எரிந்தது. 1990-இல் போர் வந்தபோது பாலைவனம் கடந்து, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, உடுத்திய துணியோடு பம்பாயில் வந்து இறங்கினார். இதைச் சிரிப்புக்குரிய செய்தியாகக் கண்டவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். அவரைப் பற்றியதே இம்மனு.

2. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் தம்பி செம்மொழிக்குக் கடந்த ஆவணியில் திருமணம் நடந்தது. பெண் எங்கள் ஊர்தான். பெண்ணின் தாய்மாமன் இராஜாங்கம். எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் கேபிள் இணைப்புக் கொடுப்பவர் இவரே.

3. எங்கள் பக்கத்தில் நலங்கின்போது சம்பந்தி ஏசல் என்றொரு வழக்கம் உண்டு. பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையின் தாயாரை ஏசிப் பாடுவார்கள். அன்றும் பாடினார்கள்.

"ஆறு கட்டு வெத்தலைய அரை நிமிசம் மென்னாங்க
அடுப்படியக் காலி பண்ணி அடுத்த பந்தி நின்னாங்க"

என்று அவர்கள் பாட, என் தாயார் சற்றும் தாமதிக்காமல்,

"எண்ணி எண்ணி வெத்தல வச்ச எங்க ஊரு சம்பந்தி
எலையில வச்ச வடைய ஒரு எறும்பு தூக்கிப் போயிருச்சு"

என்று திருப்பிக் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தாயாரைப் பிறர் ஏசி நான் சிரித்த கடைசித் தருணம் அது.

4. அப்போது இராஜாங்கம் பெண்கள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிப் பேசியதை அப்படியே தருகிறேன். எழுதக் கை கூசுகிறது. ஆயினும் தாங்கள் அறிய வேண்டும்.

"சம்பந்தியம்மா குவைத்துல நாலு வருசம் இருந்தாங்கல்ல? ஈராக்காரன் எதுக்குப் படையெடுத்து வந்தான்னு நெனைக்கிறீங்க? எண்ணெய்க்கா? ஷேக்கு பொண்டாட்டி அழுது கூப்பிட்டுத்தான் வந்தான்யா! இந்தம்மாவ எப்படியாச்சும் ஊருக்கு அனுப்பி வுடுன்னு!"

ஆண்கள் பக்கம் விசில் அடித்தது. அந்தத் தெம்பில் இதையும் சொன்னார்: "அது இருக்கட்டும், மாப்பிள்ளை இம்புட்டுச் செவப்பா இருக்காரே, எந்தக் கெணத்து எண்ணெயின்னு கேட்டுச் சொல்லுங்க சம்பந்தி!"

என் தாயார் குவைத் சென்றபோது என் தம்பிக்கு வயது பதினான்கு. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் எவரும் இதை நம்பமாட்டார். ஆனால் ஏளனத்துக்குக் கணக்குத் தேவைப்படுவதில்லை.

5. என் தாயார் பதில் சொல்ல எழுந்தார். வாயைத் திறந்தார். உடனே இராஜாங்கம் மைக்கை அணைத்துவிட்டு, "பந்தி ரெடி, எல்லாரும் வாங்க" என்று குரல் கொடுத்தார். மேளக்காரர்களுக்கும் கையசைத்தார். என் தாயார் பேசியது அவர் காதுக்கே கேட்டிருக்காது.

6. கல்யாண வீடியோவிலிருந்து இந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, தீபாவளியன்று புதுப்படம் முடிந்த கையோடு தம் கேபிளில் ஒளிபரப்பினார். என் தாயார் வாய் திறந்து நிற்கும் முகத்தில் படத்தை உறையவைத்து, அதன்மேல் கோழி கொக்கரிக்கும் ஓசையைச் சேர்த்திருந்தார். மக்கள் மிகுதியாகச் சிரித்தது அந்த இடத்தில்தான் என்று கேள்விப்படுகிறேன். நான் பார்க்கும்போது என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

7. அதுமுதல் தெருவில் என்னைக் கண்டால் பிள்ளைகள் "எண்ணெய்க் கெணறு" என்கிறார்கள். டீக்கடையில், "வாங்க ஷேக்கு, டீயா, ஒட்டகப் பாலா?" என்கிறார்கள். பாலிசி எடுக்கச் சம்மதித்திருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொள்கிறார்கள். சிரிப்பை அடக்குபவரிடம் மரணத்தைப் பற்றிப் பேசி பாலிசி விற்க இயலாது, ஐயா. பாபநாசம் மளிகைக் கடைக்காரர் சேக் தாவூது ஒருவர் மட்டும், "எங்க வூட்டுல அத்தன பேரும் அரபு நாட்டுல ஒழைச்சவங்க சார். இத எங்க கடையில பேசாதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். கேசட்டின் நகல் ஷார்ஜா வரை போய்விட்டது. தம்பி தொலைபேசியில், "அண்ணே, இங்க ரூம்லயே போட்டுப் பாக்குறானுவ" என்றான். என் தாயாரோ தீபாவளிக்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. கொல்லைப்புறத்தில் தனியே உட்கார்ந்து தமக்குள் முணுமுணுத்தபடி இருக்கிறார்.

8. ஊர்ப் பெரியவர்கள் விசாரித்தபோது இராஜாங்கம், "கல்யாணத்துல சம்பந்திய ஏசாம வேற யார ஏசுறது? வழக்கந்தானே?" என்றார். அவர்களும் தலையாட்டினார்கள். வழக்கம் எது என்பதைப் பதிவு செய்கிறேன். ஏசல் பெண்கள் பாடுவது. ஆண்களுக்கு அதில் இடமில்லை. ஏசியவர் வாய் மூடியதும் ஏசப்பட்டவர் பதில் பாட வேண்டும். அதுவரை யாரும் எழக்கூடாது. இறுதியில் ஏசியவரே சந்தனம் பூசி, வெற்றிலை பாக்குக் கொடுப்பார். பாடியது பந்தலைத் தாண்டாது. இராஜாங்கம் வழக்கத்திலிருந்து ஏசும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் காலில் போட்டு மிதித்தவர்.

9. இவர்மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை என்று எழுதத்தான் எண்ணினேன். பொய் எழுதலாகாது என்பதால் எழுதவில்லை. எட்டாம் வகுப்பில் என் தாயார் கட்டிக் கொடுத்த பழையதை வகுப்பெங்கும் முகர்ந்து பார்க்கக் கொடுத்தவர் இவர். எனக்குப் பேசிய பெண்ணின் வீட்டில், "படிச்சவன்தான், வேலைவெட்டி இல்ல" என்று சொன்னவரும் இவர். அவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் மனுவாக்கவும் இல்லை. அவை என்னைப் பற்றியவை.

10. பொங்கலன்று "நேயர் விருப்பம்" என்ற பெயரில் அக்காட்சியை மீண்டும் ஒளிபரப்பப்போவதாக இராஜாங்கம் தம் கேபிளிலேயே எழுத்து ஓடவிட்டிருக்கிறார். ஆகவே அந்த ஒளிபரப்பைத் தடுத்து, கேசட்டுகளைப் பறிமுதல் செய்து, கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இன்படி இவரது கருவிகளைக் கைப்பற்றி, இவரைச் சிறையிலடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கையாக இருந்தது.

11. இருந்தது என்று எழுதக் காரணம் உண்டு. பத்தாவது பத்தி வரை எழுதி முடித்து என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அவன உள்ள போட்டா எனக்கு என்னடா கெடைக்கும்? அவன் மொற முடிஞ்சிபோச்சு. என் மொற பாக்கி நிக்கிது. அதே டி.வி.யில, அதே நேரத்துக்கு என்னைய ஒக்கார வையி. மைக்க மட்டும் எவனும் அணைக்கக் கூடாது."

அவமானத்தால் முடங்கிவிட்டார் என்று நான் கருதியிருந்தேன். கொல்லைப்புறத்தில் அவர் முணுமுணுத்தது அத்தனையும் பாட்டு என்று அன்றுதான் அறிந்தேன். இராஜாங்கம் பிறந்த நாளிலிருந்து அவரை அறிந்தவர் என் தாயார். பாடிக் காட்டினார். இரண்டு அடிகள் கேட்டேன். மூன்றாவது அடியில், நான்கூட, போதும் என்று கும்பிட்டேன். என் வாழ்நாளில் இராஜாங்கத்துக்காக நான் இரக்கப்பட்டது அந்த ஒரு கணம்தான். அதுவும் உடனே சரியாகிவிட்டது.

12. எனவே, பத்தாம் பத்தியில் கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் கைவிடுகிறேன். அவை இவருக்குப் போதுமான தண்டனையல்ல. மாறாக, பொங்கலன்று அக்காட்சிக்கு அறிவித்துள்ள அதே நேரத்தில், அதே கேபிளில், என் தாயார் நேரலையில் பதில் பாட உத்தரவிட வேண்டும். பாடி முடியும்வரை மின்சாரம் தடைபடாமலும், இராஜாங்கம் ஊரைவிட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்ள ஒரு காவலரை நியமித்தால் நன்றியுடையவனாவேன்.

13. பதிலில் இராஜாங்கத்தின் தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இடம்பெறாது. "அவ என்ன பண்ணுவா, எங்கூட ஒரே வரிசையில நாத்து நட்டவ" என்று என் தாயார் சொல்லிவிட்டார். ஏசலுக்குப் பின்பாட்டு வேண்டும் என்பதால் இரண்டு பெண்களிடம் கேட்டோம்; அவர்கள் பயந்து மறுத்துவிட்டனர். மூன்றாவதாக ஒருவர் தாமே எங்கள் வீட்டுக்கு வந்து சம்மதம் தெரிவித்தார். தினமும் மாலையில் வந்து பாடிப் பழகிப் போகிறார். தாங்கள் அனுமதி ஆணையில் சேர்ப்பதற்காக அவர் பெயரைத் தருகிறேன்: திருமதி நல்லக்கண்ணு, வயது 66, திரு. இராஜாங்கத்தின் தாயார்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மு. தமிழ்மாறன்

நீலாம்பாள் – இடது கைப் பெருவிரல் ரேகை
நல்லக்கண்ணு – இடது கைப் பெருவிரல் ரேகை

இடம்: மாங்குடி வடபாதி
நாள்: 27.12.2002