இடப்பக்கம் திரும்பினால் ஒரு ‘டொக்’

என் டிரைவரம்மா விமலாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதாததற்கு வருத்தம்தான் காரணம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், எனக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டாமா? உண்மையில், உன்னிடம் சொல்கிற மாதிரி ஒரு சேதியும் என்னிடம் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது. உன் வண்டி சத்தம் போட்டது.

கூட இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டியது விமலாதான். லைசென்ஸ் என்னிடமும் இருந்தது, ரேஷன் கார்டு மாதிரி, வீட்டில் இருக்கிறது என்பதற்காக. கும்மிடிப்பூண்டி உருக்காலை வாசலில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவள் தன் தையல் கம்பெனிக்குப் போவாள். “இன்னா கஜா, டிரைவரம்மா மூஞ்சி தொடச்சி வுட்டாங்களா?” என்று செக்யூரிட்டி கேட்காத நாள் கிடையாது. அதையே நகைச்சுவைக் கட்டுரையாக எழுதி நான் பேர் வாங்கிக்கொண்டேன். உன்னை வைத்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், விமலா. நீ சிரித்தாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ போன பிறகு ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. நம் சந்தில் வண்டியைத் திருப்ப எனக்கு ஏழு தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். நீ மூன்றில் முடிப்பாய். அப்படித் திருப்பும்போதுதான் கேட்டது. நின்ற இடத்தில் இடப்பக்கம் ஒடித்தால் முதலில் ஒரு முனகல், பிறகு ‘டொக்’, அதற்கும் பிறகு பழைய ஸ்பிரிங் கட்டிலில் யாரோ புரண்டு படுத்த மாதிரி ஒரு ‘டொய்ங்’.

கேன்டீனில் போய்ச் சொன்னேன். அறிவு கெட்ட வேலை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பால் ஜாயின்ட் என்றார். இன்னொருவர் வீல் கழன்று ஓடப்போகிறது என்றார். ரோலிங் செக்ஷன் தாமோதரன் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஊட்டுக்காரம்மாதான் கூப்புடுறாங்க. ஒரு தபா திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் போய் வெளக்கு போட்டுட்டு வா” என்றான். நீ கூப்பிட்டால் ‘டொக்’ என்றா கூப்பிடுவாய்? “யோவ்” என்றல்லவா கூப்பிடுவாய்?

கடைசியில் நானே வைத்தியம் பார்த்தேன். உருக்காலைக்காரனுக்குத் தெரிந்தது ஒரே மருந்து, கத்துகிற இடத்தில் கிரீஸ். ஆலையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து, சக்கரத்துக்குப் பின்னால் கைக்கு எட்டிய இடமெல்லாம் அப்பினேன். சத்தம் போகவில்லை. சட்டை போனது.

இதற்கிடையில் பெங்களூரிலிருந்து நம் மகள் மஞ்சு பேசினாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசியது தப்பு. “இன்னாப்பா சத்தம் அது? வண்டி ஒடையுதா? பொங்கலுக்கு வரேன். அதுக்குள்ள சரியாவலன்னா குடுத்துடலாம், நான் ஆள் பாத்து வெச்சிட்டேன். உனக்கு கம்பெனி பஸ் இருக்குது இல்ல?” என்றாள். அவள் சொல்வதில் என்ன தப்பு? பயத்தில் சொல்கிறாள். ஒருத்தரை இழந்தவள் இன்னொருத்தரை ரோட்டில் விடுவாளா?

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. யாருக்குமே தெரியாது. உன் சீட்டை நான் நகர்த்தவில்லை. நீ ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்ட மாதிரி முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவாய். நான் ஆறடி. ஏழு மாதமாக அந்த இடுக்கில்தான் உடம்பை மடக்கி ஓட்டினேன். இரண்டு முட்டியும் கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஆலை டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னேன். நம் வீட்டுக்கு மாடியே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

வண்டி போனால் அந்த இடுக்கும் போய்விடும். எனக்குப் பயம் அதுதான்.

கவரப்பேட்டை மெக்கானிக் சீனுவுக்கு போன் போட்டேன். “ஸ்டீரிங் சமாச்சாரம் நைனா, இன்னான்னு தெரியாம ரோட்டுக்கு எட்த்துனு வராத. மொதல்ல ஊட்டாண்டயே பாரு. இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போடு. ஒருத்தர் ஸ்டீரிங்க திருப்பணும், ஒருத்தர் முன்சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிங்கத் தொட்டுக்கினு இருக்கணும். கையில துள்ளுச்சுன்னா மேல இருக்கற பேரிங்தான் போச்சு. அவ்ளோதான், ரெண்டு ஆளு வேலை” என்றான்.

ரெண்டு ஆளு. சீனு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

நான் ஒண்டியாகவே பார்த்தேன், விமலா. ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையைச் சக்கரத்துக்குள் நீட்டினேன். ஒரு முழம் பத்தவில்லை. துடைப்பக்கட்டையைக் கட்டித் திருப்பலாமா என்று யோசித்து, உள்ளே போய் அதை எடுத்தும் வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

எஸ்தர்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிற எஸ்தர். வேப்பமரத்து நிழலில் நிற்க வேண்டியது உன் காரா, அவள் வேனா என்ற சண்டையில் நீங்கள் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தீர்களே, அதே எஸ்தர். கோபித்துக்கொள்ளாதே, நான் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள்.

“இன்னாண்ணா, காருக்கு வெளக்குமாறால பூச போடறியா? காலங்காத்தால என் ஜன்னலாண்ட டொக்கு டொக்குன்னு ஒரே பேஜாரு. இன்னா அதுக்கு?”

சொன்னேன்.

“இதுக்கா? தள்ளு. நான் திருப்புறேன், நீ ஸ்பிரிங்கப் புடி.”

ஏறி உட்கார்ந்தாள். “அய்ய, இதுல எப்படிணா ஒக்காந்துக்கினு ஓட்ற? முட்டி பேந்துடாது?” என்று சொல்லிக்கொண்டே சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். பத்து டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுகிற ஸ்கூல் வேனில் ஏறுகிறவள், ஏறினதும் முதலில் அதைத்தானே செய்வாள்?

கர்ரக். டக்.

‘வேண்டாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

“கைய வெச்சிட்டியாண்ணா?” என்று உள்ளேயிருந்து கத்தினாள். குப்புறப் படுத்து, ஸ்பிரிங்கில் கையை வைத்தேன். அவள் திருப்பினாள். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே வந்தது, வந்தது, சட்டென்று என் உள்ளங்கைக்குள் துள்ளியது. பிடித்த மீன் துள்ளுகிற மாதிரி.

“இங்கதான்! இங்கதான் இருக்குது!” என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போல. எஸ்தர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“கண்ணுல கிரீஸ் பட்டுச்சா?”

“ஆமாம்மா.”

அவள் முட்டாள் இல்லை. என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். “அது அவ சீட்டாண்ணா? தெரியாம தள்ளிட்டேன்” என்றாள். கார் கதவைச் சாத்திவிட்டு, “பேசலன்னு தான் பேரு. தெருமுனையில ரெண்டு வாட்டி குட்டியா ஹாரன் அடிப்பா இல்ல, அத வெச்சித்தான் நான் சாயங்காலம் டீ போடுவேன். இப்போ நேரமே தெரியல” என்றாள். இதை நீ இருக்கும்போது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நீயாவது அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

அவள் போன பிறகு சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தேன். அடியில் இருக்கிற தண்டவாளத்தில் பல் பல்லாகப் போகிறது. உன் பல் எது? நான் எண்ணி வைக்கவில்லை. முட்டி இடிக்கிற இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு பல்லில் ஒரே மாதிரி இடித்தது.

போனில் விவரத்தைக் கேட்ட சீனு, மெதுவாக ஓட்டி வரச் சொன்னான். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரை இறக்கி, ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கி, மேலே இருந்த பேரிங்கை எடுத்து என் கையில் கொடுத்தான். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அது சுற்றாததால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு தெறித்திருக்கிறது. அப்புறம் என் வைத்தியத்தைப் பார்த்தான்.

“யாரு நைனா ரப்பர் மேல கிரீஸ் பூசினது? ரப்பர் ஊதிப்பூடும்.”

“எங்க ஆலையில ஒருத்தன்.”

“அவன கிட்டயே சேக்காத” என்றான். “பேரிங்குக்கும் வயசாச்சு, மழைத்தண்ணியும் பூந்துகிச்சு. நீயும் உன் பங்குக்கு நின்ன வண்டியில போட்டு ஒடிச்சிருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. “யோவ், நின்ன வண்டியில ஸ்டீரிங்க ஒடிக்காத. கொஞ்சம் உருளவுட்டுத் திருப்பு” என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அதையும்தான் கட்டுரையாக எழுதினேன். தலைப்பு எல்லாம் நன்றாக வைத்திருந்தேன்.

இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டாயிற்று. பொங்கலுக்கு வந்த மஞ்சுவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, சிப்காட் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு சுற்று வந்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், ஒன்றும் கேட்கவில்லை. வண்டி வாங்கப் பார்த்து வைத்திருந்த ஆளிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். காணும் பொங்கல் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள்.

சத்தம் நின்ற பிறகுதான் தெரிகிறது, இத்தனை மாதமாக அந்த வண்டிக்குள் அது ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது ஆலைக்குப் போகிற வழியெல்லாம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான். இடது சீட்டு, நான் தூங்குவதற்காகச் சாய்த்து வைத்த மாதிரியே இருக்கிறது. அதில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டு வந்தவனையும் நான் ஏழு மாதமாகப் பார்க்கவில்லை, விமலா.

உன் சீட்டை என் முட்டிக்குத் தக்கபடி பின்னால் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். கன்றின இடம் மஞ்சளாகி ஆறிக்கொண்டு வருகிறது. அது ஆறுவதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஆறுகிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கட்டுரைக்காக இல்லை. இனிமேல் சந்தில் வண்டியை எடுக்கும்போது முதலில் ஒரு முழம் உருளவிடுவேன், அப்புறம்தான் திருப்புவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது தெருமுனையில் இரண்டு தடவை, குட்டியாக, ஹாரன் அடிப்பேன். வீட்டில் கதவு திறக்க ஆள் இல்லை. எதிர்வீட்டில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

இடது சீட்டிலிருந்து இடம் மாறிய
உன் வீட்டுக்காரன்,
கஜேந்திரன்