தாம்பூல நோட்டு

ஸ்ரீராமஜெயம்
டாலிகஞ்ச், கல்கத்தா, புதன்கிழமை

சௌபாக்கியவதி மாதவிக்கு அம்மா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் அம்பாள் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இங்கே மழைதான் விட்டபாடில்லை.

உன் ஆபீஸில் உனக்குக் கீழே இருந்தவர்களில் ஆறு மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள், ஹரிஷங்கரும் மாதக் கடைசிவரைதான் என்று போனில் அழுதாயே. "இன்க்ரிமென்ட் போட்டும் போயிடறாம்மா, இன்னும் என்னதான் பண்ணணும்?" என்று கேட்டாய். போனில் சொல்லக் கூசியதை எழுதுகிறேன்.

நம் வீட்டில் ஒன்பது வருஷம் வேலை செய்த ஷெஃபாலி போன தீபாவளியோடு நின்றாள் அல்லவா? அதிகச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போனாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். போன வாரம் கரியாஹாட் கடைத்தெருவில் கொலுவுக்கு ரவிக்கைத் துணி வாங்கும்போது எதிரே வந்தாள். புது வீட்டில் இருநூறு ரூபாய் குறைவாம். பின்னே ஏன் போனாய் என்றேன். "மாஷிமா, உங்க கணக்குல ஒருநாளும் தப்பு இருந்ததில்லை" என்று, பழையபடி சித்தி முறை வைத்தே அழைத்துச் சிரித்தாள். என் கையிலிருந்த துணியைத் தடவி, "இந்த வருஷம் பச்சையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

யாருக்கு எந்த வருஷம் என்ன துணி வைத்துக் கொடுத்தேன் என்று எழுதும் தாம்பூல நோட்டை வீட்டுக்கு வந்ததும் எடுத்தேன். ஒன்பது வருஷமும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் காமு கூட்டி வந்த முகம் தெரியாத பெண்கூட இருக்கிறாள். பொம்மைகளைத் துடைத்து, எந்தப் படியில் எது என்று எனக்கே நினைவூட்டினவள் பெயர் இல்லை. துர்கா பூஜைக்கு இங்கே எல்லோரும் கொடுக்கும் பூஜோ போனஸும் புடவையும் சமையலறையிலேயே கொடுத்துவிட்டு, அத்தோடு தீர்ந்தது என்றிருந்தேன். வந்தவர்கள் கூடத்தில் பாடுவார்கள். அவள் உள்ளே சுண்டல் கிண்ணம் கழுவுவாள். தினமும் சஹஸ்ரநாமம் சொல்கிற வாய் ஒரு தடவை "வா, உட்கார்" என்று சொல்லவில்லை.

நேற்று அவள் வீடு தேடிப் போய்க் கொலுவுக்கு அழைத்தேன். பார்க்கலாம் மாஷிமா என்றாள். வராதவர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' அது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் பச்சைத் துணி ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது நாளும் விளக்கேற்றிய பிறகு வாசற்கதவைத் தாழிடப் போவதில்லை.

ஹரிஷங்கர் எதற்காகப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியவில்லை என்பதுதான் என் கவலை. மாதம் முடிய இன்னும் நாளிருக்கிறது, கண்ணே. என்னைப் போல ஒரு வருஷம் கழித்துக் கடைத்தெருவில் கேட்காதே.

அம்பாள் துணையிருப்பாள்.

உன் அம்மா,
சகுந்தலா