பொம்மைக்குப் போட்ட சட்டை

நவம்பர் 3, திங்கள்

காலையில் பனிமூட்டம். எதிர் வில்லா கண்ணுக்குத் தெரியவில்லை. போன வாரப் பேய் வேஷக் கொண்டாட்டத்துக்கு வாசலில் வைத்த பூசணிக்காய் அழுகி ஒரே எறும்பு. தூக்கிப் போட்டுக் கழுவினேன். ஜன்னலில் ஒட்டிய பஞ்சுச் சிலந்திவலை இன்னும் கழன்று வரவில்லை. நாளைக்கு.

இந்த அரபு நாட்டுக்கு வந்து, இங்கிலீஷ்காரர் வீட்டு வேலையில் மூன்று வருடம். ஒரு கொண்டாட்டத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் அடுத்தது. பெப்ரவரியில் அப்பம் சுட்டுப் புரட்டிப் போடும் நாள். பிறகு அம்மாமார் ஞாயிறு. பிறகு சாக்லேட் முட்டை ஒளித்து வைப்பது (போன தடவை ஒன்று சோபாவுக்கு அடியில் உருகி, கறை இன்னும் இருக்கிறது). இப்போது புதன்கிழமை நெருப்பு.

பெரியவள் எமிலி பட்டாணி உரித்துக்கொண்டே விளக்கம் சொன்னாள். முன்னே ஒருவன் ராஜாவை வெடி வைத்துக் கொல்லப் பார்த்தானாம், பிடிபட்டானாம். அதனால் வருடா வருடம் அவனைப் போல் ஒரு பொம்மை செய்து எரிப்பார்களாம். நமக்கு நரகாசுரன் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு எனக்கு லீவு இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு சரி.

பொம்மைக்குப் பழைய ஆம்பிளைச் சட்டை, காலுக்குக் களிசான் தேடி வைக்கச் சொன்னார் மேடம். மறக்கக்கூடாது: சட்டை. வெங்காயம். சின்னவன் ஒலியின் நீச்சல் பை.

நவம்பர் 4, செவ்வாய்

இஸ்திரி, இஸ்திரி. அம்மா இரண்டு தடவை போன், எடுக்க முடியவில்லை. வெங்காயம் வந்தது.

நவம்பர் 5, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

மூன்று மணிக்கு மேடம் சமையலறைக்கு வந்து, உடுப்பு எங்கே என்றார். அப்போதுதான் ஞாபகம். களிசான், மேடத்தின் வீட்டுக்காரர் சேருடைய பழையது ஒன்று கார் துடைக்கும் துணிகளுக்குள் கிடைத்தது. சட்டை இல்லை. மேலே சேருடைய அலமாரியில் சட்டை நெருக்கியடித்துத் தொங்குகிறது. ஒன்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கராஜில் ஒன்று இருக்கு மேடம் என்றேன்.

அது கதிர் அண்ணனுடைய நீலச் சட்டை. தோட்ட வேலைக்கு வருகிறவர், பெரம்பலூர்ப் பக்கம். வந்ததும் கராஜ் ஆணியில் சட்டையை மாட்டிவிட்டுக் கம்பெனி யூனிஃபோர்ம் போடுவார். போகும்போது மாற்றிக்கொண்டு முவைலா பஸ் பிடிப்பார். மண்ணோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காரவே யோசிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். கொலர் வெளிறியிருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை. சோப் வாசனை. அவர் அந்நேரம் பின்பக்க மணலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட்டு சேருடைய பழைய டீ ஷர்ட் ஏதாவது தரலாம் என்று மனசில் ஒரு கணக்கு. பிறகு விருந்தாளிகள், சொசேஜ், பிள்ளைகள். சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து, மஃரிப் பாங்கு முடிந்து பொம்மையைக் கொண்டுவந்தார்கள். பேப்பர் அடைத்து, நீலச் சட்டை பொத்தான் போட்டு. ஒலி கறுப்புப் பேனாவால் அதற்கு மீசை வரைந்திருந்தான். அடர்த்தியாக, நுனி தொங்கி. "லுக், இட்ஸ் கதிர்!" என்றான். எல்லோரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். மேடம் மட்டும் ஒலி, ஒலி என்று அடக்கினார், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. சத்தமாகவே சிரித்தேன்.

கதிர் அண்ணன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், தீ பரவாமல் பார்க்க. அவரும் சிரித்தார். சட்டையில் தீப் பற்றியது. முதலில் கை.

எட்டு மணிக்கு முன்பே போய்விட்டார். யூனிஃபோர்மோடு, முதுகில் கம்பெனிப் பெயரோடு, புகை நாற்றத்தோடு.

நவம்பர் 6, வியாழன்

வந்தார். சாம்பல் அள்ளினார். டீ கொண்டுபோனேன். அந்தச் சட்டையை மேடம் எடுத்தாங்களா, யார் எடுத்தது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கோபமாக இல்லை.

"தெரியாதுண்ணே," என்றேன்.

சரி தங்கச்சி என்று டீயைக் குடித்தார்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எனக்கு ஓஃப் நாள். ரோலா மார்க்கெட் போனேன். நீலம், அரைக்கை. அவர் அளவு தெரியாது. கடைக்காரரின் தோளைப் பார்த்துக் குத்துமதிப்பாக வாங்கினேன். அம்மாவோடு பேசினேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்றார். சளி என்றேன். இதுவும் பொய்.

நவம்பர் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். அவர் வேலியோரச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சட்டைய எடுத்துக் குடுத்தது நான்தான்."

குழாயை மூடினார். "தெரியும். கராஜ் சாவி உங்கிட்டதான இருக்கு."

"அப்ப ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன்."

பையை நீட்டினேன். எடுத்து விரித்துப் பார்த்தார், திரும்ப அதே மடிப்பில் மடித்தார். எதுக்கு இதெல்லாம் என்று ஒரு வார்த்தை. பிறகு குழாயைத் திறக்கப் போனவர் திரும்பினார்.

"சட்டை போனாப் போவுது. புள்ளைங்க சிரிச்சதும் சரி, அதுங்களுக்கு என்ன தெரியும். நீ எதுக்குச் சிரிச்ச?"

உள்ளே மேடம் கூப்பிட்டார். கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று என்று ஓடினேன். ஓடினதும் வெட்கமாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

வெயில் இதம். கிறிஸ்மஸ் பெட்டிகளை ஸ்டோரிலிருந்து இறக்கச் சொன்னார் மேடம். நாலு பெட்டி, ஒன்றில் பல்லி.

கதிர் அண்ணன் வருவதற்கு முன்பே கராஜைத் திறந்து வைத்தேன். புதுச் சட்டை போட்டு வந்தார். தோள் கொஞ்சம் பெரிசு. கராஜுக்குள் போகவில்லை. தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் நின்று மாற்றினார். சட்டையை மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டார். மரம் மரமாகப் போகும்போதெல்லாம் பையையும் கூடவே எடுத்துப் போய், தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

டீ போடவா அண்ணே என்று கேட்டேன்.

ஃபிளாஸ்க்கில் கொண்டாந்திருக்கேன் என்றார்.