மோட்டார் ஓடுகிறது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

புயல் செய்தி பார்த்துப் பயந்திருப்பீர்கள். என் அறையில் ஜன்னல் மட்டும்தான் போனது. மெத்தை நனைந்ததால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறேன். முதுகுக்கு நல்லதாம்.

கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. கையில் தொழில் இருக்கிறதே என்று நானே கழற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஓடவிட்டேன். பதினாறு வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. கீழ்வீட்டு அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அவர் தோளில் தட்டி, "நீ என் கூடப்பிறந்தவன் மாதிரிடா" என்றார்.

மறுநாள் நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்தார்கள். நான் படியில்தான் நின்றேன். அண்ணன் என் அறையைக் காட்டி, "அதுல குடும்பம் எதுவும் இல்ல சார். வேலைக்கு வந்த ஆளு, இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான்" என்றார். எழுதியவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார். போர்வையும் தார்ப்பாயும் போகட்டும் அப்பா. என்னைப் பார்த்த பிறகும் அண்ணன் முகம் மாறவில்லை.

சாயங்காலமே கதவைத் தட்டினார். "தம்பி, மோட்டார்ல ஏதோ சத்தம் வருது."

போய்ச் சரிசெய்தேன். எல்லா வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்களே. ஆனால் அண்ணன் என்று கூப்பிட வாய் வரவில்லை. "சரியாயிடுச்சு சார்" என்றேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஷிப்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒரு சின்ன வேலை. நம் குடும்ப அட்டையில் என் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூர் போனவன்தானே என்று எடுத்திருந்தால், திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் மகன்