இடுக்கில் நிற்கும் தண்ணீர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அத்தையும் உயிரோடு, அடி எதுவும் படாமல் இருக்கிறோம், அதை முதலில் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

போன திங்கட்கிழமை காலையில் ஆறு திடீரென்று வற்றிவிட்டது. மலையில் விடாத மழை, இங்கே துறையிலோ படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. நீ பிறந்ததிலிருந்து யாரும் பார்க்காத பாறைகள் பாசியும் வழுக்கலுமாக வெளியே வந்து நின்றன. ஊரே கூடையோடு இறங்கிக் குட்டைகளில் துள்ளிய மீனை அள்ளியது, நானும்தான் இறங்கினேன், பொய் சொல்வானேன். அப்பா மட்டும் தன் படகுப் பக்கத்திலேயே நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. மழை பேஞ்சுகிட்டே இருக்கே, தண்ணி எங்கடி போச்சு என்று அவர் கேட்டதும் நான் மீன் கூடையைப் போட்டுவிட்டுக் கரையேறினேன். டீக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு கரையோடு நடந்தே இடுக்குக்குள் போனார். உனக்குத் தெரியுமே, இரண்டு பக்கமும் பாறைச்சுவர் நெருங்கி வந்து வானம் ரிப்பன் மாதிரி தெரியும், நம் மோட்டார் சத்தம் சுவரில் மோதி நாலு படகு வருவது போல் கேட்கும். அங்கே அன்றைக்கு ஒரு பறவைச் சத்தம்கூட இல்லையாம். வளைவு திரும்பினால், சிவப்புச் சுவர் அப்படியே சரிந்து, மரமும் மண்ணுமாக ஆற்றை அடைத்து நின்றதாம். மேலே ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அசையாமல், கறுப்பாக, விளிம்பைத் தொடப் போகிற மாதிரி.

ஓடி வந்து தெருத்தெருவாகக் கத்தினார். பாதிப் பேர் உடனேயும் மீதிப் பேர் இருட்டும்போதுமாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். அத்தை மட்டும் மெஷின விட்டுட்டு வரமாட்டேன், வேணும்னா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கிக்கோ என்று சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். உன் அப்பா முதுகில் அவள், டீக்கடைக்காரர் தலையில் தையல் மெஷின், ஊசி உடையாமப் பாத்துப் போடா என்று வழியெல்லாம் அதட்டல் வேறு. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவைக் கேலி பேசினார்கள். பாத்திரக் கடைக்காரரும் அவர் மனைவியும் கடையைத் திறக்க வேண்டும் என்று இறங்கினார்கள், அப்பா கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் இடுக்குப் பக்கமிருந்து முதலில் காற்றுதான் வந்தது, சில்லென்று, புது மண் வாடையோடு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் தண்ணீர், அதில் மரங்கள் நட்டமாக நின்றபடியே வந்தன. துறையும் கீழ்த்தெருவும் இருந்த இடம் தெரியவில்லை. பாத்திரக் கடையின் தகரக் கூரை ஒரு தரம் புரண்டு தெரிந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமே என்று அப்பா இன்றுவரை சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உடைந்தது மேல்பாதி அடைப்புதானாம். மீதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது, எதிர்ச்சுவரிலும் வெடிப்பு ஓடியிருக்கிறதாம். மலையில் மழை விடவில்லை. லீவுக்குக் குழந்தையோடு படகில் வருவதாக எழுதியிருந்தாயே, படகிலும் வேண்டாம், இடுக்குச் சாலையிலும் வேண்டாம். நானாகக் கூப்பிடும்வரை இந்தப் பக்கமே வராதே, என் மேல் ஆணை.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். பதிலை மேட்டுப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு. பழைய முகவரிக்குப் போட்டால் தபால்காரர் இறங்கி வர அங்கே தெரு இல்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா