விரிப்பின் மறுமுனை

அன்புத் தங்கச்சிக்கு,

எப்படியம்மா இருக்கிறாய்? இடுப்பு வலி தேவலையா? இங்கே எனக்கு ஏதோ பொழுது ஓடுகிறது.

எங்கள் சலவைக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனபிறகு உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுகிறார். தொப்பை இப்போதுதான் வெளியே தெரிகிறது.

புதிதாக ஒரு வார்த்தையும் பிடித்துவிட்டார். சபார்டினேட். மேனேஜரிடம் என்னைக் காட்டி, "இவர் என் சபார்டினேட் சார்" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை. டைப் அடிக்கிற பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "கீழ வேலை பாக்குறவர்ணே. ஆளுக்கும் சொல்லலாம், சின்ன ஆபீஸ், சின்ன கோர்ட்டுக்கும் சொல்லலாம். திட்டுற வார்த்தை இல்ல" என்றாள். பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் சும்மா இருப்பாரா? "எங்க வீட்ல கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான்யா சபார்டினேட்" என்றார். அவர் வீட்டம்மா ஒருநாள் இவரை வெளியே விட்டுப் பூட்டிய கதை இருக்கிறதே... சரி விடு, எங்கேயோ போகிறேன்.

ஊரார் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். போன வாரம் ஆள் குறைவு. ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தால்தான் சுருக்கம் போகும். மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் மறுமுனையைப் பிடித்துவிட்டார். பேசிக்கொண்டே மடித்தோம். மேனேஜர் உள்ளே வந்ததும் வெடுக்கென்று கையை விட்டார். சாய்ந்து நின்ற நான் மல்லாந்து விழுந்தேன். தள்ளுவண்டியும் கவிழ்ந்தது. துவைத்து மடித்தது அத்தனையும் அழுக்குத் தண்ணீரில்.

"யாரு பண்ணுனது?" என்று மேனேஜர் கத்தினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "சபார்டினேட் கை தவறிடுச்சு சார்" என்றார். "ஆமா சார், என் கைதான்" என்றேன் நானும். பதவி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது நிலைத்தால்தானே உன்னையும் பிள்ளைகளையும் இங்கே கூட்டிவர முடியும்?

என்னை பாய்லர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு மூச்சிழுப்பு உண்டென்று மாப்பிள்ளைக்குத் தெரியும். கொஞ்ச நாள் சமாளிக்கச் சொன்னார் என்று ஆள் வந்து சொன்னான். அவர் வரவில்லை.

அடுத்த மாதம் லீவில் அங்கே வருவார். சண்டை பிடிக்காதே. வந்ததும் சோறு போடு, தூங்க விடு. அவராக என் பேச்சை எடுத்தால் மட்டும் சொல், அண்ணன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள... இதோ, பாய்லர்காரர் கூப்பிடுகிறார், தீ இறங்கிவிட்டதாம், நான் போய்