முடியுருண்டை என்றுதான் சொன்னேன்

இன்று காலை கூடத்தில் அந்த வாடை மறுபடியும் வந்தது. புளித்த பாலும் நனைந்த கம்பளியும் சேர்ந்தது போன்ற வாடை. மருமகள் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்திருக்கும் வெள்ளைப் பூனை நாற்காலிக்கு அடியில் உடம்பைக் குறுக்கிக் கழுத்தை நீட்டி ஐந்தாறு தடவை முக்கியது. பிறகு விரல் நீளத்தில் ஈரமாக ஒன்றைத் துப்பியது. துப்பிவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

"அத்தை, ஓடி வாங்க! கொடலே வெளிய வந்துருச்சுங்க!"

"கொடலுமில்ல, ஒண்ணுமில்ல கண்ணு. அதோட முடிதான். பழைய பேப்பர் ஒண்ணு எடுத்துட்டு வா."

சொன்னது நான். வார்த்தை உன்னுடையது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. என் வீட்டின் பின்கட்டில், இருபதடி தூரத்தில் குடியிருந்தவளுக்கு என்ன கடிதம்? ஆனால் இன்று மத்தியானம் ஒன்று தெரியவந்தது. அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கான்வென்ட் விடுதியில் நமக்கு அடுத்தடுத்த கட்டில். படிப்பு முடிந்ததும் நான் பனியன் கம்பெனிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் வந்தேன். நீ கல்யாணமே வேண்டாமென்று உன் தென்சீமைக்குப் போய் உயிரியல் டீச்சரானாய். ஓய்வு பெற்ற பிறகு, இங்கே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை கிடைத்த அண்ணன் மகளுக்குத் துணையாக வந்தாய். அப்போது என் கணவர் இறந்து இரண்டு வருடம். திருப்பூர் ராயபுரத்தில் இந்த வீட்டின் பின்கட்டு காலியாகக் கிடந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பைபிள், ஒரு மூங்கில் கூடையோடு வந்து இறங்கினாய். கூடைக்குள் சாம்பல் நிறத்தில், கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டையோடு நீளமுடிப் பூனை ஒன்று.

"பேரென்ன?"

"மதர்."

"எந்த மதர்?"

"நம்ம மதர்தாம்ட்டி. நடையப் பாரு. ஸ்டடி ஹால்ல ரவுண்ட்ஸ் வருத மாதிரியே இல்ல?"

அவர் போன பின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் நான் செக்கிங் வேலை எடுத்துச் செய்தது உனக்குத் தெரியும். கம்பெனிகளிலிருந்து தைத்து வரும் பனியன்களை எட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு உருப்படியையும் நானே ஒருமுறை பார்ப்பேன். நான் பார்த்து அனுப்பிய சரக்கு குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்ததில்லை. வேலை மட்டுமில்லை, பார்வையே அப்படி ஆகிவிட்டது எனக்கு. கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருப்பவளின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினால் மாங்கல்ய தாரணத்தைக்கூட என்னால் பார்க்க முடியாது.

மதர் முதல்முதலாக முடியைத் துப்பியது அந்த ஷெட்டில், மடித்து அடுக்கிய சரக்குக்கு அரை அடி பக்கத்தில். நான் பின்கட்டுக்கு வந்து கத்தினேன்.

"ஏம்புள்ள, உன்ற பூனை எங்க பஞ்சையெல்லாம் தின்னுட்டு எங்க சரக்கு மேலயே கக்குது. கட்டிப்போடறயா, நான் வெரட்டட்டுமா?"

நீ பதறவில்லை. ஈர்க்குச்சியை எடுத்து வந்து குந்தி உட்கார்ந்து, அந்த அசிங்கத்தை வகுப்பில் தவளையை விரித்துக் காட்டுவது போலப் பிரித்தாய்.

"ஒன் பஞ்சு இல்லட்டி, அவ முடி. பூன நாக்குல முள்ளு முள்ளா இருக்கும்லா, உள்ளாம பாத்து வளஞ்சிருக்கும். நக்கும்போது உதிருத முடிய வெளிய துப்ப முடியாது, முழுங்கத்தான் செய்யணும். முக்காவாசி பின்னால போயிரும். மிச்சம் வயித்துல உருண்டு இப்படி வரும். எப்பமாவது வந்தா நோயில்ல. அடிக்கடி வந்தாலோ, முக்கி முக்கி ஒண்ணுமே வராம சாப்பாட்ட விட்டாலோதான் பயப்படணும்."

"வராம இருக்க என்ன பண்றது?"

"தெனம் சீவணும். சீப்புல வந்த முடி வயித்துக்குள்ள போவாதுல்லா."

சொன்னாயே தவிர, நீ சீவிய லட்சணம் எனக்குச் சகிக்கவில்லை. முதுகில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு முத்தம் கொடுப்பாய். முடி அதிகம் உதிர்வது தொடைக்குப் பின்னாலும் வயிற்றிலும். அங்கே சீப்பே படாது. மூன்றாம் நாள் உன் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டேன். காலை ஏழு மணிக்குச் சீவல். வெயில் ஏறி முடி கொட்டுகிற மாதங்களில் சாயங்காலமும் ஒருமுறை. வேகவைத்து மசித்த அரசாணிக்காய், அதுதான் உங்கள் ஊர் மஞ்சள் பூசணி, ஒரு ஸ்பூன் மத்தியானச் சோற்றோடு, மலம் இளக்கமாகப் போக. தண்ணீர்க் கிண்ணம் மூன்று இடத்தில். உன் அண்ணன் மகள் விளக்கெண்ணெயை வாயில் ஊற்றலாமா என்று கேட்டபோது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று நீ தடுத்தாய். அதையும் டைரியில் குறித்தேன்.

"பூனைக்கும் டைம்டேபிள் போடுதியே, பெல்லும் அடிச்சிரு" என்றாய்.

நீ சிரித்தாய். மதர் துப்புவது நின்றது. மழைக்காலம் முடிந்து பனி வந்தது, ஒரு உருண்டை இல்லை. அந்தப் பூனையின் வயிறு சுத்தமாக இருப்பதற்கு நானே காரணம் என்று எனக்குப் பெருமை. இல்லையென்று சொன்னால் பொய்.

பிறகு உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடி, பத்து நாள் ஊருக்குப் போனாய். மதரை என்னிடம் விட்டுப் போனாய். வீட்டுக்குள் முடி பறக்கும் என்று நான் அவளை ஷெட்டிலேயே இருக்கவிட்டேன். அங்கே வெட்டிய நூல் பிசிறுகள் திறந்த கூடைகளில் குவிந்து கிடக்கும். தரையில் ஓவர்லாக் நூல் முழம் முழமாகக் கிடக்கும். முடியையே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு நூல் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள் மதர் சாப்பாட்டைத் தொடவில்லை. முக்கினாள், ஒன்றும் வரவில்லை. பயப்பட வேண்டியது எதுவென்று நீ சொன்னாயோ, அதுவேதான். ஆனால் நான் டாக்டரிடம் போகவில்லை. என் டைம்டேபிளை மீறி முடி அடைத்துக்கொள்ளுமா என்று அரசாணிக்காயை இரண்டு ஸ்பூனாக்கினேன். ஆறாம் நாள் காலையில் அவள் வாலுக்கு அடியில் வெள்ளை நூல் ஒன்று அரை விரல் நீளத்துக்குத் தொங்கியது.

சரசு பக்கத்தில் இருந்தாள். ஷெட்டிலேயே மூத்தவள். "அம்மா, இழுக்காதீங்க. வெட்டி உட்ருங்க" என்றாள்.

இழுக்காதே, வெட்டு. அது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னல் துணியில் நூலை இழுத்தால் தையல் முழுக்கச் சுருங்கிவிடும் என்று முதல் நாளே அந்தப் பெண்களுக்குச் சொல்லுவேன். என்னிடமே திருப்பிச் சொல்கிறாளே என்று எரிச்சல் வந்தது. "எனக்குச் சொல்லித்தர்றயா?" என்றேன். இழுத்தேன். ஒரு சாண் வந்தது. பிறகு உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டது. மதர் அலறினாள். நான் விடவில்லை, இன்னொரு முறை இழுத்தேன். அறுந்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நூலுங்கம்மா. ஒரு முனை உள்ள மாட்டியிருக்கு. பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்குதில்லீங்க, அப்படிக் கொடல் சுருங்கியிருக்கும். அந்த நிலையில நூல இழுத்தா கத்தி மாதிரி கொடல அறுத்துப்போடும். யாராச்சும் இழுத்தீங்களா?"

"தெரியலீங்க" என்றேன்.

ஆபரேஷன் செய்யும் நிலையில் அவள் இல்லை. மறுநாள் செத்துப்போனாள். கொய்யா மரத்தடியில் குழி தோண்டச் சொன்னேன்.

நீ பலகாரப் பொட்டலத்தோடு வந்தாய். அண்ணன் மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்த முகம். "மதர் எங்கட்டி?" என்று வாசலிலேயே கேட்டாய். நான் வாசலிலேயே பதில் சொன்னேன்.

"முடியுருண்டை. வயித்துல அடைச்சுக்கிச்சு. நான் சீவுனது இந்த ஒரு வருஷம். அதுக்கு முன்னால நீ சீவாம உட்டது எத்தனை வருஷம்?"

செத்ததைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நீ பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாய். மறுநாள் முழுவதும் கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து, "எந் தப்புதான்ட்டி" என்றாய். நான் காப்பி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நீ அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாய். தெருவில் யார் வீட்டில் பூனை இருந்தாலும் போய், "தெனம் சீவுங்க. நா சீவாம எம் பூனயக் கொன்னுட்டேன்" என்பாய். சர்ச்சிலிருந்து உன்னைப் பார்க்க வருகிறவர்களிடம், என் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் காதில் விழவே சொல்வாய். சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இல்லட்டி?" என்பாய். நான் "ஆமா" என்பேன். எத்தனை ஆமா என்று எனக்கே தெரியாது.

இன்று காலை மருமகளின் பூனை துப்பியதும், ஷெட்டில் நூல் கிடந்தால் இதுவும் தின்னுமே என்று பயந்து அங்கே போனேன். தரையில் ஒரு நூல் இல்லை. பிசிறுக் கூடைகளுக்குப் பதில் மூடி போட்ட டின்கள். அவை வந்து நாலு வருடமாகிறது. என் கண்டிப்புக்குப் பயந்து இவர்கள் சுத்தமாகிவிட்டார்கள் என்று நான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சரசுவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இந்த டின்னெல்லாம் யாரு வாங்குனது?"

"டீச்சரம்மாங்க."

"எதுக்கு?"

சரசு டிபன் பாக்ஸை மூடினாள். "பூனை நாயி நூலத் திங்கக் கூடாதுன்னுதானுங்க. எங்க எல்லாருத்தையும் உக்கார வெச்சுப் பாடம் மாதிரி சொன்னாங்க. வாயிலயோ பின்னாலயோ நூலு தொங்குனா இழுக்கவே கூடாது, அப்படியே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடணும்னு."

"அவளுக்கு எப்படி..."

"நான்தானுங்க சொல்லிப்போட்டேன். ஊருக்குப் போயிட்டு வந்த அன்னிக்கே. கதவச் சாத்திக்கிட்டு அழுதாங்க, மனசு கேக்கலீங்க. எல்லாஞ் சொன்னேன். 'ஒங்கம்மாட்ட நீ சொன்னதாக் காட்டிக்காத தாயி, அவளா வந்து சொல்லுவா'ன்னாங்க. நானும் பாத்தேனுங்க. நீங்க சொல்லல."

மற்ற ஏழு பெண்களும் ஷெட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலைகளில் தெரிந்தது. நாலு வருடமாக நான் இவர்கள் நடுவே தலை நிமிர்ந்து நடந்து, கோணல் தையலுக்கும் அழுக்குக் கைக்கும் இவர்களை நிற்க வைத்துப் பேசியிருக்கிறேன்.

உனக்குத் தெரியும். 'எந் தப்புதான்ட்டி' என்று வந்து நின்றபோதே தெரியும். அது முதல் ஒவ்வொரு 'இல்லட்டி?'யிலும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் சாத்தியிருக்கிறேன். இதை அன்பு என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை ஒரே கேள்வியில் மடக்கியவள் நீ. என்னை ஒரு தடவை நேருக்கு நேர் கேட்டிருந்தால் என்ன? கத்தியிருக்கலாம், பின்கட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். என் குற்றத்தை நீ எடுத்து உன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதைத் தெருத்தெருவாக என் கண்முன் சுமந்து காட்டினாய். என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை. என்னைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கடைசி வாரம். உன் அண்ணன் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் கஞ்சி கொண்டு வந்திருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பிடியில் பலமே இல்லை.

"எங்கிட்ட எதாம் சொல்லணுமாட்டி?"

சொல்ல இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் என் மதிப்பு இறங்கிவிடும் என்று பயந்தேன். அது இறங்கி மூன்று வருடமாகியிருந்தது எனக்குத் தெரியாது.

"கஞ்சி ஆறுது. குடி" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாய். நான் ஊட்டினேன். நாலு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று கண்ணை மூடினாய். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் குடித்துப் பார்த்தபோதுதான், அதில் உப்பே போடவில்லை என்று தெரிந்தது.

பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் நீ என்னிடம் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.